30 எப்படி 3 ஆகிறது? காரணிப் பங்கையும் தனிநபர் வருமானத்தையும் இணைத்துப் பார்க்க மூன்று இலவசத் தரவுச் சேவைகள்

நாட்டின் வருமானத்தில் உழைப்புக்கு இவ்வளவு, மூலதனத்துக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்கு இவ்வளவு, கீழ்ப்பாதிக்கு இவ்வளவு என்று இன்னொரு கணக்கு. முதலாவது காரணிவாரிப் பகிர்வு, இரண்டாவது தனிநபர் பகிர்வு. பாடப்புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வரும். நடுவில் பாலம் இருக்காது. கட்டுரை எழுதுகிறவர்களோ "மூலதனத்தின் பங்கு கூடிவிட்டது, அதனால் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது" என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். அந்த "அதனால்" எவ்வளவு பாரம் தாங்கும் என்று எண்ணை வைத்துச் சோதிக்க, பெரும்பாலானோரிடம் காசு கேட்காத மூன்று சேவைகள் இருக்கின்றன: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎல்ஓஸ்டாட், லக்சம்பர்க் வருமான ஆய்வு எனப்படும் லிஸ், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் எனப்படும் விட். மூன்றையும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் உரசிப் பார்க்கும் மதிப்பீடு இது. வேலையின்மை விகிதம் எடுக்கவோ வறுமைக்கோடு போடவோ இவை எப்படி என்பது இங்கே பேச்சில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐஎல்ஓஸ்டாட் பாலத்தின் ஒரு கரையை மட்டும் தருகிறது, ஆனால் அதை ஒழுங்காகத் தருகிறது. விட் மறு கரையை மிக அழகாகக் காட்டுகிறது, கூடவே பாலத்தையும் தானே கட்டிவைத்திருக்கிறது. எந்தச் சாமானில் கட்டியது என்று பார்க்காமல் ஏறினால் ஆபத்து. லிஸ் மட்டும்தான் பாலத்தை நம் கையாலேயே கட்ட விடுகிறது. ஆனால் அங்கே மூலதன வருமானத்தில் பெரும்பகுதி கணக்கிலேயே இல்லை.

எதைக் கேட்டு இந்தச் சேவைகளிடம் போக வேண்டும்

1985-இல் லெர்மன், யிட்ஷாகி என்ற இரு பொருளியலாளர்கள் தந்த ஒரு பிரிப்புச் சூத்திரம் இந்த வேலைக்கு அடிப்படை. ஒவ்வொரு வருமான வகைக்கும் மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: மொத்த வருமானத்தில் அதன் பங்கு, அந்த வகைக்குள்ளேயே உள்ள கினி கெழு (எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவருக்கே என்றால் 1 என்று ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்), மொத்த வருமான வரிசையோடு அந்த வகைக்கு உள்ள ஒட்டுறவு. எல்லா வகைகளுக்கும் வந்த பெருக்கலைக் கூட்டினால் மொத்த வருமானத்தின் கினி கிடைக்கும். கடைசி இரண்டின் பெருக்கலுக்குச் செறிவுக் கெழு என்று பெயர்.

ஒரு கற்பனைக் கணக்கு. உழைப்பின் பங்கு 70, மூலதனத்தின் பங்கு 30. உழைப்பு வருமானத்தின் கினி 0.50, ஒட்டுறவு 0.80, ஆகச் செறிவு 0.40. மூலதன வருமானத்தின் கினி 0.90, ஒட்டுறவு அதே 0.80, ஆகச் செறிவு 0.72. மொத்தக் கினி 0.280 + 0.216 = 0.496. இப்போது மூலதனத்தின் பங்கு 5 புள்ளி ஏறி 35 ஆகட்டும், மற்றவை அப்படியே இருக்கட்டும். 0.260 + 0.252 = 0.512. ஐந்து புள்ளி ஏற்றம் கினியில் 0.016 ஆக இறங்குகிறது.

அதே கணக்கில் மூலதனத்தின் ஒட்டுறவை மட்டும் 0.50 ஆக்குங்கள். வட்டி வாங்குகிறவர்களில் பலர் சம்பளம் நின்றுபோன முதியவர்கள் என்றால் இப்படித்தான் இருக்கும். செறிவு 0.45-க்கு வந்துவிடும், அதே ஐந்து புள்ளி ஏற்றம் கினியை 0.0025 மட்டுமே நகர்த்தும். ஒட்டுறவு 0.40 ஆனால் செறிவு 0.36, உழைப்பின் செறிவைவிடக் குறைவு. அப்போது மூலதனத்தின் பங்கு ஏற ஏற கினி இறங்கும். மூலதன வருமானத்தின் கினி மூன்று முறையும் 0.90-தான், அது அசையவே இல்லை. ஆக முடிவை நிர்ணயிப்பது ஒட்டுறவு. சம்பளத்தில் மேலே இருக்கிறவரும் பங்கு ஈவில் மேலே இருக்கிறவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒரே ஆளாக மாறிவருவதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் மூலதன வருமானத்தின் உச்சப் பத்து சதவீதத்தில் இருந்தவர்களில், உழைப்பு வருமானத்தின் உச்சப் பத்திலும் இருந்தவர்கள் 1985-இல் ஏறக்குறைய 17 சதவீதம். 2018-இல் அது ஏறக்குறைய 30 சதவீதம். பெர்மனும் மிலானோவிச்சும் கணக்கிட்டது இது. காரணிப் பங்கு ஒரு புள்ளிகூட நகராவிட்டாலும் இந்த மாற்றம் மட்டுமே தனிநபர் ஏற்றத்தாழ்வை ஏற்றிவிடும்.

ஆக, ஒரு சேவையிடம் கேட்க வேண்டியவை மூன்று: பங்கு, கினி, ஒட்டுறவு.

ஐஎல்ஓஸ்டாட்: பங்கு மட்டும்

தளத்தின் தேடலில் பெயரைத் தட்டுவதைவிட எண்ணைத் தட்டுவது சுலபம். நிலையான வளர்ச்சி இலக்குகளில் 10.4.1 என்ற குறியீடுதான் ஜிடிபியில் உழைப்பின் பங்கு. நாடு, ஆண்டு தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்துவிடும், பதிவு எதுவும் வேண்டாம். பக்கமும் பளுவில்லாமல் திறக்கிறது.

இந்த எண்ணின் தரம் எங்கே இருக்கிறது என்றால், சுயதொழில் செய்கிறவர்களைக் கையாளும் விதத்தில். நாட்டின் மொத்த உற்பத்தியையும் வருமானத்தையும் தொகுக்கும் தேசியக் கணக்கில் கலப்பு வருமானம் என்று ஒரு தலைப்பு உண்டு. சொந்த நிலம் உழுகிறவர், பெட்டிக்கடை வைத்திருக்கிறவர், தையல்காரர் ஆகியோரின் வரவில் கூலி எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று பிரிக்க முடியாததால் மொத்தமாக அங்கே போட்டுவிடுவார்கள். இதை எப்படி உடைக்கிறோம் என்பதில்தான் உழைப்பின் பங்கு முழுதும் தொங்குகிறது.

ஊழியர் ஊதியம் 30, கலப்பு வருமானம் 40, செயல்பாட்டு உபரி (இலாபம், வாடகை போன்ற மூலதன வரவு) 20, உற்பத்தி வரி 10 என்று ஒரு நாட்டின் ஜிடிபியை 100-ஆகப் பிரித்துப் பாருங்கள். வரியை ஒதுக்கினால் மீதி 90. கலப்பு வருமானத்தில் உழைப்புக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால் உழைப்பின் பங்கு 33 சதவீதம். முழுதும் கொடுத்தால் 78. எழுபதுக்கு முப்பது என்று வெட்டினால் 64. மற்ற துறைகளில் ஊதியத்துக்கும் உபரிக்கும் உள்ள விகிதத்தையே இதற்கும் போட்டால் 60. நாடு ஒன்று, ஆண்டு ஒன்று, விடை நான்கு. 33-ஐ மட்டும் பார்த்தவர் "ஏழை நாட்டில் உழைப்புக்கு மரியாதையே இல்லை" என்று எழுதுவார். இந்த ஒரு கோளாறைச் சரிசெய்தாலே பெரும்பாலான நாடுகளில் உழைப்பின் பங்கு 65-க்கும் 80-க்கும் இடையில் வந்து நிற்கிறது என்று பொருளியலாளர் கோலின் 2002-இலேயே காட்டினார். பணக்கார நாடும் தப்பவில்லை. அமெரிக்காவின் அதிகாரபூர்வ எண்களில் தெரிந்த உழைப்புப் பங்குச் சரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி, சுயதொழில் வருமானத்தைக் கணக்கிட்ட முறையால் வந்தது என்பது 2013-இல் எல்ஸ்பி, ஹோபிய்ன், ஷாஹின் மூவரும் கண்டது.

ஐஎல்ஓ இந்த நான்கு வெட்டுகளில் எதையும் குருட்டாம்போக்கில் எடுக்கவில்லை. தொழிலாளர் கணக்கெடுப்பின் தனிநபர் தரவில், ஊழியர்களின் சம்பளத்தை வயது, பாலினம், கல்வி, துறை, தொழில் ஆகியவற்றோடு பொருத்தி, அதே தகுதியுள்ள சுயதொழில்காரருக்கு உழைப்பு வருமானம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர், தனியாகச் செய்கிறவர், குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கைகொடுக்கிறவர் ஆகியோரைத் தனித்தனியாகப் பார்க்கிறது. இந்த விஷயத்தில் மூன்று சேவைகளில் இதுதான் முதலிடம்.

குறைகள்: கணக்கெடுப்பு இல்லாத நாடுகளுக்கும் புள்ளியியல் மாதிரி வழியாக மதிப்பிட்டு எண் போட்டிருக்கிறார்கள். அட்டவணையில் அது உண்மைத் தரவின் பக்கத்திலேயே அதே எழுத்தில் நிற்கும். ஒரே ஒரு நாட்டின் கதை சொல்லப் போகிறீர்கள் என்றால் முறைக்குறிப்பைத் திறந்து, உங்கள் நாடு எந்த ஜாதியில் சேர்ந்தது என்று பார்த்தாக வேண்டும். அடுத்து, பங்கைக் கணக்கிட வகுக்கும் எண் மொத்த ஜிடிபி, அதாவது தேய்மானம் உள்ளே இருக்கிறது. தேய்மானம் யார் கைக்கும் வராத பணம். தனிநபர் வருமானத்தோடு ஒட்டப் பார்க்கும்போது இது உறுத்தும்.

உலக அளவில் 2019-க்கும் 2022-க்கும் இடையில் உழைப்பின் பங்கு 0.6 புள்ளி குறைந்ததாக இந்த வரிசை சொல்கிறது. மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: ஐந்து புள்ளிக்கே 0.016 என்றால் 0.6 புள்ளிக்கு 0.002. செய்தித் தலைப்புக்கு உதவும். கினியில் அது கணக்கெடுப்புப் பிழைக்குள் அடங்கிவிடும்.

இதே தளத்தில் உழைப்பு வருமானத்தைப் பத்துப் பத்து சதவீதமாகப் பிரித்த அட்டவணையும் உண்டு. 2019-இல் வெளியிட்டபோது உலகத் தொழிலாளர்களில் மேல் பத்து சதவீதத்தினர் மொத்த உழைப்பு வருமானத்தில் 48.9 சதவீதமும், கீழ்ப்பாதியினர் 6.4 சதவீதமும் பெறுவதாகக் கண்டார்கள். இந்த அட்டவணையை எடுத்து மேலே சொன்ன சூத்திரத்தில் உழைப்பின் கினியாகப் போட்டுவிடக் கூடாது. இதில் இருப்பவர்கள் வேலை செய்கிறவர்கள் மட்டும். குழந்தை, முதியவர், வேலையில்லாதவர் யாரும் இல்லை. குடும்பமாகவும் சேர்க்கப்படவில்லை. சூத்திரத்துக்குத் தேவை எல்லோரும் அடங்கிய வரிசை.

லிஸ்: பாலம் கட்டும் இடம்

1983-இல் தொடங்கிய சேவை. ஏறக்குறைய ஐம்பது நாடுகளின் வீட்டுக் கணக்கெடுப்புகளை ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் உழைப்பு வருமானம், மூலதன வருமானம், ஓய்வூதியம், அரசு உதவி, வரி எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். பங்கு, கினி, ஒட்டுறவு மூன்றையும் ஒரே இடத்தில் எடுக்க முடிவது இங்கே மட்டும்தான்.

தரவைப் பதிவிறக்க முடியாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தைப் பற்றி எழுதிப் பதிவு செய்து, அனுமதி வந்தபின் லிஸ்ஸி என்ற அமைப்பின் வழியே நிரலை அனுப்ப வேண்டும். ஆர், ஸ்டேட்டா, எஸ்ஏஎஸ், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் நான்கில் எதுவும் ஆகும். நிரல் அங்கே ஓடும், விடை மட்டும் இங்கே வரும். தனி ஒரு வீட்டின் விவரத்தை அச்சிடச் சொன்னால் வேலை நிறுத்தப்படும். தரவைக் கண்ணால் பார்க்காமல் நிரல் எழுதுவது பழகாதவர்களுக்குக் கடுப்பாக இருக்கும். முதலில் ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு ஆண்டு என்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லா நாட்டுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் நிரல் வளையத்தில் போடுவது நல்லது. ஒரு எழுத்துப்பிழைக்கு ஐம்பது நாட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

செய்முறை இது. ஒவ்வொரு வருமானக் கட்டத்தையும் வீட்டு உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். வீட்டு எடையை (அந்த ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்ணை) உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்குங்கள், இல்லாவிட்டால் ஆட்களை எண்ணுவதற்குப் பதில் வீடுகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மொத்த வருமானப்படி எல்லோரையும் வரிசைப்படுத்தி, எடையோடு 0-லிருந்து 1 வரை தரம் கொடுங்கள். மூலதன வருமானத்துக்கும் இந்தத் தரத்துக்கும் உள்ள உடன்மாறுபாட்டை (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதை அளக்கும் எண்ணை) இரண்டால் பெருக்கி, மூலதன வருமானத்தின் சராசரியால் வகுத்தால் செறிவுக் கெழு. மூலதன வருமானத்தை அதன் சொந்த வரிசையின் தரத்தோடு வைத்து அதே கணக்கைப் போட்டால் அதன் கினி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒட்டுறவு.

சரிபார்ப்பு ஒன்று கட்டாயம்: எல்லா வகைகளின் பங்கும் செறிவும் பெருக்கிக் கூட்டியது, நேரடியாகக் கணக்கிட்ட கினியோடு கடைசிப் புள்ளி வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வழக்கமாக மூன்று காரணங்கள். அரசு உதவி, ஓய்வூதியம் போன்ற மூன்றாவது வகையை விட்டிருப்பீர்கள். வரியைக் குறை எண்ணாகச் சேர்க்க மறந்திருப்பீர்கள். அல்லது, விடுபட்ட மதிப்புள்ள வீடுகள் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போயிருக்கும். சம மதிப்புள்ளவர்களுக்குத் தரம் கொடுக்கும் விதமும் படுத்தும். மூலதன வருமானம் பூஜ்யம் என்று பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கும்போது, சமத்தரத்தைச் சராசரியாகப் போடாவிட்டால் மூலதனத்தின் சொந்தக் கினி கோணலாகும், கூடவே ஒட்டுறவும். தொழிலில் நட்டம் வந்த வீடுகளின் குறை எண்கள் இன்னொரு தலைவலி. அவை கினியை 1-க்கு மேலேகூடத் தள்ளும்.

சில நாடுகளின் தரவு வரிக்கு முந்தையது, சிலவற்றில் வரி கழிந்தது, சில கலவை. லிஸ் இதை ஒவ்வொரு தொகுப்புக்கும் குறித்தே வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்க்காமல் இரண்டு நாட்டை அருகருகே வைத்து எழுதிய அட்டவணைகள் ஏராளம்.

இனி பெரிய குறை. லிஸ்ஸில் மூலதன வருமானத்தின் பங்கு பல நாடுகளில் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். தேசியக் கணக்கிலோ முப்பது, நாற்பது. முதன்முறை பார்க்கிறவர் நிரலில் தப்பு என்று நினைப்பார். நிரலில் தப்பில்லை. வழியில் என்ன நடக்கிறது என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டலாம்.

ஜிடிபி 100. ஊழியர் ஊதியம் 50, கலப்பு வருமானம் 10, உற்பத்தி வரி 10, மொத்தச் செயல்பாட்டு உபரி 30. இந்த 30-இல் தேய்மானம் 14 போய் மிஞ்சுவது 16. அதில் 6, சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்வதாகக் கணக்கில் மட்டும் வரும் வாடகை. எந்தக் கணக்கெடுப்பாளரும் வாசலில் நின்று "உங்களுக்கு நீங்களே எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள்" என்று கேட்பதில்லை. மீதி 10 நிறுவனங்களுடையது. வரி 2. பிரிக்காமல் நிறுவனத்திலேயே வைத்துக்கொண்ட இலாபம் 4. வட்டியாகவும் பங்கு ஈவாகவும் வெளியே வந்தது 4. அதில் 1 ஓய்வூதிய நிதிக்குள் போய்விடும். வீட்டு வாசலுக்கு வருவது 3. அந்த மூன்றையும் கணக்கெடுப்பில் முழுதாகச் சொல்கிறவர் அரிது. பெரும் பணக்காரர் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் வீடுகளிலேயே விழமாட்டார், விழுந்தாலும் கதவைத் திறக்கமாட்டார்.

30 இப்படித்தான் 3 ஆகிறது. எண்கள் கற்பனை, ஆனால் படிகள் ஒவ்வொன்றும் நிஜம். தேசியக் கணக்கின் 30-ஐ எடுத்து லிஸ்ஸின் செறிவுக் கெழுவால் பெருக்குகிறவர், அந்த 30 முழுதும் வட்டியும் ஈவும் போலவே பரவியிருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறார். சொந்த வீட்டு வாடகை அப்படிப் பரவவில்லை, நடுத்தட்டில் நிறையவே இருக்கிறது. 2015-இல் ராக்ன்லி காட்டியது இங்கே பொருந்தும்: பணக்கார நாடுகளில் தேய்மானம் கழித்த மூலதனப் பங்கின் நீண்டகால ஏற்றத்தில் பெரும்பகுதி குடியிருப்பிலிருந்து வந்தது.

இன்னொன்று, லிஸ் சுயதொழில் வருமானத்தை உழைப்புக் கட்டத்துக்குள் வைக்கிறது. நூறு பேருக்கு வேலை கொடுக்கும் சொந்தத் தொழில்காரரின் வரவும் தள்ளுவண்டிக்காரரின் வரவும் ஒரே கட்டம். தனியே எடுத்து மூன்றாவது வகையாகப் போட வசதி இருக்கிறது. போட்டுவிடுங்கள்.

விட்: அழகான கரை, கட்டிவைத்த பாலம்

மேல்தட்டு வருமானங்களுக்கான தரவுத்தளமாக 2011-இல் வந்து, 2017-இல் இப்போதைய வடிவத்துக்கு மாறியது. முகப்பில் உலக வரைபடம், மேல் 1 சதவீதம், மேல் 10, கீழ் 50 என்று சொடுக்கினால் நூற்றாண்டு வரைபடம்கூட சில நாடுகளுக்கு வந்து நிற்கும். பார்வைக்கு மூன்றில் இதுதான் ராஜா.

குறியீடுகள் முதலில் மிரட்டும். பிரித்துப் படித்தால் எளிது. முதல் எழுத்து, எண்ணின் வகை: பங்கா, சராசரியா, வாசல் தொகையா (ஒரு தட்டுக்குள் நுழையத் தேவையான குறைந்தபட்ச வருமானம்), கினியா. அடுத்த ஐந்து எழுத்து, எந்த வருமானம். பிறகு மூன்று இலக்கம், வயது: 992 என்றால் 20 வயதும் அதற்கு மேலும். கடைசி எழுத்து, யாரை ஓர் அலகாக எடுக்கிறார்கள்: ஜே என்றால் தம்பதியின் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்தது, ஐ என்றால் தனி ஆள். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் ஜே வரிசையையும் ஐ வரிசையையும் ஒட்டிப் போட்டால், ஏற்றத்தாழ்வு திடீரென்று மாறிய மாதிரி ஒரு முறிவு வரும். நடந்தது ஒன்றுமே இருக்காது. கோப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி பிரிப்பானாக இருக்கும். எக்செலில் நேரே திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் குவியும்.

இதன் கொள்கை: தேசிய நிகர வருமானத்தின் ஒவ்வொரு ரூபாயும் யாராவது ஒரு ஆளின் பெயரில் எழுதப்பட வேண்டும். பிரிக்காத இலாபம் பங்குதாரருக்கு, ஓய்வூதிய நிதியின் வரவு அதன் உறுப்பினருக்கு, சொந்த வீட்டு வாடகை வீட்டுக்காரருக்கு. மேலே 30-லிருந்து 3-க்கு வரும் வழியில் தொலைந்தவற்றில் தேய்மானம் தவிர எல்லாவற்றையும் இது திரும்பச் சேர்க்கிறது. கலப்பு வருமானத்தை உழைப்புக்கு 70, மூலதனத்துக்கு 30 என்று வெட்டுகிறது. ஐஎல்ஓவின் நுணுக்கம் இதில் இல்லை. ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே கத்தி.

காரணிப் பங்கையும் தனிநபர் பங்கையும் ஒரே கூட்டலுக்குள் கொண்டுவந்தது இந்தச் சேவையின் பெரிய சாதனை. அதையே முழுதாக நம்பக் கூடாததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. வரித்தரவு நல்லபடி உள்ள நாடுகளில், தொலைந்த பணத்தை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு ஏதோ ஓர் ஆதாரம் உண்டு. இல்லாத நாடுகளில் பிரிக்காத இலாபத்தை ஒரு பொது விதிப்படி மேல்தட்டில் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் நிறுவன இலாபம் ஏறினால் மேல் 1 சதவீதத்தின் பங்கும் ஏறும். விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. பிறகு ஒருவர் விட்டிலிருந்து மூலதனப் பங்கை ஒரு பத்தியிலும் மேல்தட்டுப் பங்கை இன்னொரு பத்தியிலும் போட்டு, "பாருங்கள், எவ்வளவு அழகான தொடர்பு" என்கிறார். போட்ட விதியைத்தான் திரும்ப அளந்திருக்கிறார்.

வரித்தரவு உள்ள இடத்திலும் விதி எவ்வளவு பேசும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2018-இல் பிக்கெட்டி, சாயஸ், சுக்மன் மூவரும் மேல் 1 சதவீதத்தின் பங்கு 1980-க்குப் பின் பெரிதாக ஏறியதாகக் கண்டார்கள். 2024-இல் ஆட்டெனும் ஸ்பிளின்டரும், வரி கழித்த கணக்கில் 1960-களிலிருந்து பெரிய மாற்றமே இல்லை என்றார்கள். இரு தரப்புக்கும் அடித்தளம் அதே வரித்தரவு. வரியில் காட்டாமல் மறைத்த தொழில் வருமானம், ஓய்வுகால வருமானம் போன்றவற்றை யார் கணக்கில் எழுதுவது என்பதில் வழி பிரிந்தது.

பெயரில் ஒரு பொறி. விட்டின் வழக்கமான வரிசை "வரிக்கு முந்தைய தேசிய வருமானம்". இதில் ஓய்வூதியமும் வேலையிழப்புக் காப்பீடும் ஏற்கெனவே பரிமாறப்பட்டுவிட்டன. உற்பத்திக் காரணியின் சொந்தக்காரருக்கு வந்த நேரடி வரவு வேண்டுமென்றால் "காரணி வருமானம்" என்ற தனி வரிசையை எடுக்க வேண்டும். அது குறைந்த நாடுகளுக்கே இருக்கிறது, அதில் முதியவர்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் நிற்பார்கள். இரண்டையும் குழப்பினால் வயதான சமூகம் ஒன்று திடீரென்று கொடிய ஏற்றத்தாழ்வுள்ளதாகத் தெரியும்.

தரவு இல்லாத இடைவெளியை மதிப்பீட்டால் நிரப்பிய ஆண்டுகளைத் தானாகவே சேர்த்துக் கொடுப்பது எரிச்சல். ஸ்டேட்டாவிலும் ஆரிலும் இதற்கென்றே கட்டளைத் தொகுப்பு உண்டு, அதில் இட்டுநிரப்பிய எண்களை விலக்கும் விருப்பமும் உண்டு. நாம் கேட்டால்தான் விலக்கும். விலக்கிப் பார்த்தால் சில நாடுகளில் முப்பது ஆண்டுக் கோடு நாலைந்து புள்ளியாகச் சுருங்கிவிடும்.

விட்டையும் லிஸ்ஸையும் நேரே ஒப்பிடாதீர்கள். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, ஆண்டு வருமானம் 1,00,000 என்று ஒரு வீடு. லிஸ் வழியில் மூவருக்கும் தலைக்கு ஏறக்குறைய 57,700. விட் வழியில் இரண்டு பேருக்குத் தலைக்கு 50,000, குழந்தை கணக்கிலேயே இல்லை.

நாடுகளின் உற்பத்தியையும் வருமானத்தையும் ஒப்பிட உதவும் பென் உலக அட்டவணையிலும் உழைப்புப் பங்கு வரிசை உண்டு என்று சிலர் அங்கே போவார்கள். வளர்ச்சிக் கணக்குக்கு அது போதும். இந்த வேலைக்கு எடுக்கும்முன் கோட்டை வரைந்து பாருங்கள்: பத்து, இருபது ஆண்டுக்கு ஆடாமல் அசையாமல் நேராகப் போனால், அது தரவு இல்லாத இடத்தில் பழைய எண்ணையே நீட்டியது.

ஆய்வுகள் ஏன் சண்டை போடுகின்றன

2015-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வுத்தாள் ஒன்று, ஏற்றத்தாழ்வை முக்கியமாக நிர்ணயிப்பது உழைப்பின் பங்கு அல்ல, சம்பளங்களுக்குள்ளே இருக்கும் இடைவெளிதான் என்றது. பயன்படுத்திய தனிநபர் தரவு லிஸ். 2018-இல் பெங்ட்சனும் வால்டன்ஸ்ட்ரோமும் நீண்டகாலத் தரவில் மூலதனப் பங்குக்கும் மேல்தட்டு வருமானத்துக்கும் தெளிவான நேர்த்தொடர்பு கண்டார்கள். அவர்கள் எடுத்தது தேசியக் கணக்கும் வரித்தரவு வழிவந்த மேல்தட்டுப் பங்குகளும். லிஸ்ஸைப் போல மூலதனம் 30-லிருந்து 3-ஆகச் சுருங்கிய இடத்தில் அதன் பாதிப்பும் சுருங்கித்தான் தெரியும். உச்சியை மட்டும் பார்க்கும் அளவுகோலில் அது பெரிதாகத்தான் தெரியும். இரண்டில் ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் எந்தக் கடையில் வாங்கிய தராசு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

பாலமே வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதற்கு ஆய்வாளர் ரனால்டியின் குறியீடு உதவும். வெவ்வேறு தட்டினரின் வருமானத்தில் மூலதனமும் உழைப்பும் கலந்திருக்கும் விதம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை, அதாவது கலவைப் பிளவை, இது அளக்கிறது. மேல்தட்டுக்கு மூலதனம் மட்டும், கீழ்த்தட்டுக்கு உழைப்பு மட்டும் என்றால் 1. எல்லோருக்கும் ஒரே கலவை என்றால் 0. லிஸ்ஸில் கணக்கிடலாம், மேலே சொன்ன நிரலோடு பத்துப் பதினைந்து வரி கூடும். இதை வைத்து அவரும் மிலானோவிச்சும் 2022-இல் பார்த்தபோது, லத்தீன் அமெரிக்காவில் கலவைப் பிளவும் வருமான ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே உயரமாக இருந்தன. நோர்டிக் நாடுகளிலோ கலவைப் பிளவு அதிகம், வருமான ஏற்றத்தாழ்வு குறைவு.

யாருக்கு எது

பத்தி எழுதுகிறவருக்கு, பங்கு ஏறியதா இறங்கியதா என்பது மட்டும் போதுமென்றால் ஐஎல்ஓஸ்டாட் பத்து நிமிட வேலை. உச்சியில் என்ன நடக்கிறது என்று கேட்பவருக்கு விட், இட்டுநிரப்பிய ஆண்டுகளை விலக்கிய பிறகு. "மூலதனப் பங்கு கூடினால் இந்த நாட்டில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு கூடும்" என்று கேட்கிற ஆய்வு மாணவருக்கு லிஸ் தவிர வேறு வழியில்லை. நிரல் தெரிந்தவருக்கே முதல் உருப்படியான எண் வர ஒரு வாரம் ஆகலாம்.

லிஸ்ஸில் செறிவுக் கெழு எடுத்தபின் ஒரே விடையாக எழுதாமல் இரண்டாக எழுதுங்கள். ஒன்று, கணக்கெடுப்பு காட்டும் மூலதனப் பங்கோடு. இன்னொன்று, தேய்மானமும் சொந்த வீட்டு வாடகையும் கழித்த தேசியக் கணக்குப் பங்கோடு. முன் சொன்ன மாதிரிக் கணக்கில் அது 3-க்குப் பதில் 10. உண்மை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நிறுவனத்திலேயே தங்கிய இலாபம் சாதாரண வட்டியைவிட மேலே குவிந்திருந்தால் இரண்டாவதையும் தாண்டும். விட்டிலிருந்து எதை எடுத்தாலும் பதிவிறக்கிய தேதியைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பழைய ஆண்டுகளின் எண்களும் சேர்ந்தே மாறும்.